அடைத்த கதவும் அடையா வாயிலும்

மரக்காணம் என்றவுடன் உப்பு நினைவுக்கு வரும். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னையினின்றும் புதுச்சேரிக்குச் செல்வோர், கட்டம் கட்டமாகப் பகுக்கப்பெற்ற பாத்திகளையும், வரப்போரத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கும் உப்பையும் காணாமல் இவ்வூரைக் கடக்க இயலாது. ஆந்திர நாட்டிலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் தன் நெடும் பயணத்தை முடித்துக்கொள்வதும் இங்கேதான். ஆயினும், நேயர்களே, அந்த உப்பைப் பற்றி நான் இன்று பேசப் போவதில்லை. உப்பில்லாமல் வெந்த ஒரு கீரையைப் பற்றியும், அதை உண்பதற்காக அடைக்கப்பட்ட ஒரு கதவைப் பற்றியும் பேசப் போகிறேன்.

சங்க காலத்தில் இவ்வூருக்கு எயிற்பட்டினம் என்று பெயர் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட முடிபு. எயில் என்றால் மதில். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற எரித்ரேயக் கடற்பயண நூல், சோழமண்டலக் கரையில் சோபட்மா என்றொரு துறையைக் குறிக்கிறது. 'சோ' என்பதற்கும் மதில் என்றே பொருள். ஆதலின் சோபட்டினமும் எயிற்பட்டினமும் ஒன்றே என்பர். இப்பட்டினம் அடங்கிய ஓய்மா நாட்டை நல்லியக்கோடன் என்னும் சிற்றரசன் ஆண்டான். அவனைப் பாடியவர் மரக்காணத்துக்கு வடக்கே உள்ள இடைக்கழி நாட்டைச் சேர்ந்த நல்லூர் நத்தத்தனார். 269 அடிகள் கொண்ட அப்பாட்டே சிறுபாணாற்றுப்படை. ஏட்டுச் சுவடியில் கிடந்த பத்துப்பாட்டை உ.வே. சாமிநாத ஐயர் 1889-ல் அச்சிட்டு வெளியிட்டபோது இதுவும் உலகுக்கு மீண்டும் கிடைத்தது.

ஆற்றுப்படை என்னும் பாட்டுவகையை நேயர்கள் அறிவீர்கள். வள்ளல் ஒருவனைக் கண்டு பரிசில் பெற்று மீள்பவன், வறுமையோடு எதிரே வருபவனைப் பார்த்து, 'நானும் உன்னைப்போல் இருந்தவன்தான்; இன்ன வழியே போ; இன்னாரைப் பார்' என்று வழிகாட்டுவது அதன் அமைப்பு. நத்தத்தனாரின் பாட்டில் வழிகாட்டுகின்ற பாணன் தன் பழைய நிலையைச் சொல்லுகிறான். அவனுடைய அடுக்களையில் கண் திறவாத நாய்க்குட்டிகள் பாலற்ற மடியைப் பற்றி இழுக்கின்றன. ஈன்ற நாய் வலி பொறாது குரைக்கிறது. அவன் மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து வேக வைக்கிறாள். அதிலே போட உப்பில்லை. அதை உண்பதை, வறுமையின் இயல்பு அறியாதவர்கள் பார்த்துவிடுவார்களே என்று நாணி, வாயிற் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு சேர்ந்து உண்ணுகிறாள்.

பசியைப் பாடிய புலவர் பலர். பசியினும் கொடியதாகப் பிறர் பார்வை உறுத்துவதை இத்தனைச் சிறிய செயலில் காட்டியவர் வேறொருவர் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அப்பெண்ணின் நாணம் நோயன்று. வறுமை அவள்மேல் சுமத்திய சுமை. ஆனால் வயிற்றுக்கு உணவும் உடுக்க உடையும் குறைவற இருந்தும், பிறர் கண் தன்மேல் படுமே என்று எஞ்ஞான்றும் கதவடைத்துக்கொள்ளும் மனிதர் உண்டு. அவர்களைப் பற்றிய கவலையே இப்பேச்சுக்குக் காரணம்.

அந்நிலையை இன்றைய மருத்துவர் சமூகப் பதற்ற நோய் என்கின்றனர். நான் அதை அவையச்சம் என்றே அழைக்க விரும்புகிறேன். அவை என்றால் ஆயிரம் பேர் கூடிய மண்டபம் என்று கொள்ளவேண்டாம். கடைக்காரரிடம் சில்லறை கேட்பதும் அவைதான். திருமணப் பந்தியில் நாலு பேரோடு அமர்ந்து உண்பதும் அவைதான். வகுப்பில் ஆசிரியர் பெயரைச் சொல்லி அழைக்கும்போது எழுந்து 'உள்ளேன்' என்பதும் அவைதான். நெஞ்சு படபடக்கும், நா வறளும், முகம் சிவக்கும், கை நடுங்கும். அந்நடுக்கத்தைப் பிறர் கண்டுவிடுவரோ என்ற அச்சத்தால் நடுக்கம் இரட்டிக்கும். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பிருந்தே துயில் கெடும். முடிந்தபின் பத்து நாள், 'என்ன சொன்னேன், யார் சிரித்தார்' என்று மனம் அதையே அரைத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இது விடலைப் பருவத்தில் தொடங்குகிறது. நேர்முகத் தேர்வுக்குப் போகாமை, பதவி உயர்வை மறுத்தல், உறவினர் வந்தால் பின்கட்டில் ஒளிதல் என்று வாழ்க்கை நாளுக்கு நாள் சுருங்குகிறது. அச்சத்தை மறக்கக் குடியை நாடி, அந்நோயோடு இந்நோயும் சேரப்பெற்றவர் உண்டு.

நம் நாட்டில் இதற்கு இன்னொரு கேடு உளது. இதனை நாம் பாராட்டுகிறோம். விருந்தினர் முன் வாய் திறவாத பெண் 'அடக்கமானவள்' என்று பெயர் பெறுகிறாள். வகுப்பில் ஒரு கேள்வியும் கேளாத மாணவன் 'சாதுப் பிள்ளை' ஆகிறான். உள்ளே ஓர் உயிர் துடித்துக்கொண்டிருப்பதை எவரும் காண்பதில்லை. நாணுடைமை என்று வள்ளுவர் போற்றியது தகாத செயலைச் செய்யக் கூசும் பண்பு. தகுந்த செயலைச் செய்யவும் முடியாது கூசுவதற்கு அப்பெயரைச் சூட்டுவது பொருந்தாது.

பண்டையோர் இவ்வச்சத்தை அறியாதவர் அல்லர். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் அச்சத்தை வைத்து, அது தோன்றும் நிலைக்களன் நான்கு என்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர் என்னும் மூன்றும் எவரும் எதிர்பார்ப்பவை. நான்காவதாக அவர் வைப்பது, தமக்கு இறைவராயினார். அதாவது அரசர், பெரியோர், நம்மை அளந்து தீர்ப்புச் சொல்லவல்லோர். புலிக்கு அஞ்சுவதையும் பெரியோர் முன்னிலைக்கு அஞ்சுவதையும் ஒரே வரிசையில் வைத்தாரே, அவர் மனித நெஞ்சை நன்கு பார்த்தவர். மருத்துவரும் இன்று அதையே சொல்லுகின்றனர்: புலியைக் கண்டால் உடலில் என்ன நிகழுமோ அதுவே மேடையைக் கண்டாலும் நிகழ்கிறது.

திருவள்ளுவரோ பொருட்பாலில் அவையறிதல் என்று ஓர் அதிகாரமும், அடுத்து 73-ஆம் அதிகாரமாக அவையஞ்சாமையும் வகுத்தார். போர்க்களத்தில் அஞ்சாது மடிவார் பலர் உண்டு, அவைக்களத்தில் அஞ்சாதவர் சிலரே என்று அவர் கூறுவது உண்மை. கற்றிருந்தும் அவைக்கு அஞ்சுபவரை உயிரோடு இருந்தும் இல்லாதவரோடு ஒப்பிடும் இடத்தில் மட்டும் எனக்கு மனம் சற்றே தயங்குகிறது. அமைச்சரைக் கருதிக் கூறிய கடுமை அது. பதினாறு வயதுப் பிள்ளையின் தலையில் அதை ஏற்றலாகாது. ஆனால் அதே அதிகாரத்தில், மாற்றம் கூறுதற்குரிய நூல்களை முறையறிந்து கற்றால் அஞ்சாமை கைகூடும் என்றும் அவர் சொல்லுகிறார். அஞ்சாமை பிறவிக்கொடை அன்று, பயின்று பெறத்தக்கது என்ற அக்கருத்து நமக்குப் பெரிதும் உதவுவது.

மேலை நாட்டில் இராபர்ட் பர்ட்டன் என்பார் 1621-ல் மனச்சோர்வு பற்றி எழுதிய பெருநூலில், எல்லாரும் தம்மையே நோக்குவதாக எண்ணிக் கூட்டத்தை அஞ்சி இருளை நாடும் ஒருவனைக் குறிப்பிட்டு, அச்செய்தியைக் கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசோடு தொடர்புபடுத்துகிறார். பிரெஞ்சு மருத்துவர் பியேர் ழானே 1903-ல் சமூகச் சூழல்களைப் பற்றிய அச்சம் என்று இதற்குத் தனிப்பெயர் தந்தார். எனினும் நோய்களின் பட்டியலில் இது தனியிடம் பெற நெடுங்காலம் ஆயிற்று. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1980-ல்தான் ஏறிற்று. அதன் பின்னரும், 1985-ல், 'புறக்கணிக்கப்பட்ட நோய்' என்றே ஆய்வாளர் சிலர் இதைக் குறிக்க வேண்டியிருந்தது. இந்நோயுற்றவர் கூக்குரல் இடுவதில்லை அல்லவா?

உப்பளக் கரையில் நிற்பவருக்குக் காந்தியடிகள் நினைவு வாராமல் இராது. 1930 ஏப்ரல் 6-ஆம் நாள் தண்டியில் அவர் ஒரு பிடி உப்பை எடுத்தார். அதே மாதத்தில் இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்தனர். ஒரு பேரரசை எதிர்த்து உலகத்தின் கண் முழுதும் தன்மேல் விழ நடந்த அம்மனிதர், இளமையில் நால்வர் முன் நாலு சொல் பேச இயலாதவராய் இருந்தார் என்பது பலர் கேட்டிருக்கும் செய்தி. அதன் விவரங்களை நின்று நோக்குதல் நலம்.

இலண்டனில் சட்டம் படித்தபோது அவர் சைவ உணவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் உறுப்பினர். குழுவில் ஒருவரை நீக்குவது பற்றிய பூசல் எழுந்தபோது, அவருக்குத் தெளிவான கருத்து இருந்தது. அதை எழுதியும் கொண்டு போனார். எழுந்து படிக்கத்தான் துணிவில்லை. தலைவர் வேறொருவரைக் கொண்டு படிக்கச் செய்தார். ஊர் திரும்புமுன் நண்பர்க்கு அளித்த விருந்தில் நகைச்சுவையாகப் பேசுவதற்கு ஒரு கதையை ஆயத்தம் செய்திருந்தார். முதல் வாக்கியத்துக்கு மேல் ஒன்றும் வரவில்லை. நன்றி கூறி அமர்ந்துவிட்டார். 1891-ல் தாயகம் திரும்பிய பின், பம்பாய்ச் சிறுவழக்கு மன்றத்தில் 30 ரூபாய்க்கு ஒரு வழக்கை ஏற்று, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தார். மன்றமே சுழல்வதுபோல் இருந்தது. கேட்பதற்கு ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வழக்கை வேறு வக்கீலிடம் ஒப்புவித்து வெளியேறினார். இவற்றையெல்லாம் தம் சுயசரிதையில் அவரே ஒளிவின்றி எழுதியுள்ளார்.

பின் அவர் எப்படிப் பேசக் கற்றார்? யாரும் அவரைக் கடிந்து திருத்தவில்லை. 1893-ல் பிரிட்டோரியா நகரில், அங்கே வாணிகம் செய்துவந்த இந்தியரின் சிறு கூட்டம் ஒன்றில், வாணிகத்தில் வாய்மை என்னும் பொருள் பற்றிப் பேசினார். தம் வாழ்வின் முதற் பொதுப்பேச்சு என அவர் அதனையே கூறுகிறார். கூடியிருந்தோர் அவரைப் போலவே அந்நாட்டில் இழிவுபடுத்தப்பட்டவர்கள். பொருளோ அவர் நெஞ்சை நிறைத்த பொருள். தன்னைப் பற்றி எண்ண அங்கே இடமில்லை.

அடுத்த ஆண்டில் பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலித் தொழிலாளி அவரிடம் வந்தான். முதலாளி அடித்ததில் முன்பற்கள் இரண்டு உடைந்து, கந்தை உடையோடு நடுங்கியபடி நின்றான். தலைப்பாகை கையில் இருந்தது. வெள்ளையரைக் காணும்போது ஒப்பந்தக் கூலிகள் தலைப்பாகையைக் கழற்றி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தால், இவர் முன்னும் அவ்வாறே நின்றான். காந்தியடிகள் முதலில் செய்தது, அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னதுதான். தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டான். அவன் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியைத் தாம் கண்டதாக எழுதுகிறார். பம்பாய் மன்றத்தில் தலைசுற்றி நின்ற ஒருவருக்கன்றோ, எதிரே நடுங்கி நிற்பவனுக்கு முதலில் வேண்டுவது என்னவென்று தெரியும்!

அதன் பின்னும் அச்சம் ஒரேயடியாக நீங்கிவிடவில்லை. 1896-ல் பம்பாய்ப் பெருங்கூட்டத்தில் எழுதி வைத்ததைப் படிக்கத் தொடங்கிக் குரல் எழும்பாமல், தின்ஷா வாச்சா படித்து முடித்தார். அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று சென்னைப் பச்சையப்பன் மண்டபத்தில் தென்னாப்பிரிக்கத் தமிழரின் துயரை எடுத்துரைத்தபோதோ, மக்கள் ஒரு சொல் விடாமல் கேட்டனர். பாலசுந்தரத்தின் கதை சென்னை மக்களை உருக்கியதாக அவர் குறித்துள்ளார். கூச்சம் தமக்குக் கேடயமாய் அமைந்து சொற்சிக்கனத்தைக் கற்பித்தது என்று அவர் பிற்காலத்தில் நன்றியோடு எழுதினார். அவருக்கு அது கேடயமாயிற்று. மிகப் பலருக்கு அது சிறையாகவே நின்றுவிடுகிறது என்பதையும் நாம் சொல்லவேண்டும்.

தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்ப்பே, அச்சம் தரும் பொருளைச் சிறுகச் சிறுக அணுகச் செய்து அச்சத்தைத் தணிக்கும் முறையை 1958-ல் நூலாக வெளியிட்டார். இன்று வழங்கும் சிகிச்சை அதனினும் விரிந்தது. கூட்டத்தில் இருக்கும்போது அஞ்சுபவரின் கவனம் முழுதும் உள்முகமாகத் திரும்பி, 'நான் எப்படித் தோன்றுகிறேன்' என்பதிலேயே சிக்கிக்கொள்கிறது என்று கிளார்க், வெல்ஸ் என்ற இருவர் 1995-ல் விளக்கினர். கை நடுக்கம் தெரியாதிருக்கக் கோப்பையை இறுகப் பற்றுவதும், பேசுமுன் ஒவ்வொரு சொல்லையும் ஒத்திகை பார்ப்பதும் அச்சத்தை வளர்க்கின்றனவேயன்றிக் குறைப்பதில்லை. ஆதலின் மருத்துவர், கவனத்தை வெளியே, எதிரிலிருப்பவர் சொல்லில் திருப்பப் பழக்குகிறார். 'தடுமாறினால் எல்லாரும் நகைப்பர்' என்ற முடிவைச் சிறு சோதனையால் மெய்யா பொய்யா என்று பார்க்கச் செய்கிறார். முதலில் கடையில் விலை கேட்டல், பிறகு அறிமுகமில்லாதவரிடம் வழி கேட்டல், பிறகு சிறு கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டல் என்று படி வகுத்து ஏற்றுகிறார். உப்பளத்தில் உழைப்போருக்கு இம்முறையை விளக்க வேண்டுவதில்லை. கடல்நீரை எவரும் நேரே கடைப்பாத்திக்குப் பாய்ச்சி மறுநாள் உப்பு வாருவதில்லை.

தேவைப்படுவோர்க்கு மருந்தும் உண்டு. செர்ட்ரலின், பராக்செட்டின் முதலிய மருந்துகள் சில வாரங்கள் தொடர்ந்து உண்டபின் பயன் தருவன. தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொற்படியே நடத்தல் வேண்டும்.

இனி மீண்டும் எயிற்பட்டினத்துக்கு வருவோம். நம் முன்னோர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று மார்தட்டும் வழக்கம் எனக்கு உடன்பாடன்று. நத்தத்தனார் மனநூல் எழுதவில்லை, அரசனைப் பாடினார். ஆயினும் அவர் காட்டும் வழியை உற்று நோக்குங்கள். பாணனை அவர் நேரே அரண்மனை வாயிலில் கொண்டு நிறுத்தவில்லை. முதலில் எயிற்பட்டினத்துப் பரதவர் குடியில் தேறலும் சுட்ட குழல்மீனும் பெறுவான். அடுத்து வேலூரில் எயினப் பெண்கள் புளியிட்ட சூடான சோற்றையும் சுட்ட ஆமான் இறைச்சியையும் தருவர். பின்னர் ஆமூரில் உழவர் மனையில் வெண்சோறும் நண்டுக் கறியும் கிடைக்கும். மூன்று எளிய வீடுகளில் விருந்தினனாய் இருந்து, 'என்னையும் ஏற்பார் உளர்' என்று அறிந்த பிறகே, கிடங்கிற் கோமானாகிய நல்லியக்கோடன் முன் அவன் நிற்கிறான். கிடங்கில் என்பது இன்றைய திண்டிவனத்தை அடுத்த ஊர். மரக்காணத்தில் பேருந்து ஏறினால் விரைவில் அடையும் தொலைவுதான். பாணனுக்கோ அது மூன்று விருந்துகளின் தொலைவு.

வாயிலில் என்ன நிகழும் என்பதையும் வழிகாட்டி முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். பொருநர், புலவர், அந்தணர் எவர்க்கும் அக்கதவு அடைக்கப்படுவதில்லை. உப்பில்லாக் கீரைக்காக அடைத்த கதவைச் சொன்ன அதே வாய், இந்த அடையா வாயிலையும் சொல்லுகிறது. அவையில் இருப்பவனின் இயல்புகளுள், அஞ்சி வந்தவரைக் காத்தலை ஒன்றாக வைக்கிறார் புலவர். இன்னொன்று இன்னும் நுட்பமானது: அறிவு குறைந்தவர் முன் தன் அறிவை அடக்கித் தானும் அறியாதவன்போல் இருத்தல். அரசன் தாழ்ந்து கொடுத்தால் பாணனின் நாவிலுள்ள கட்டு அவிழும். உண்ணும்போது அவன் தானே நின்று ஊட்டுவான். பரிசிலுக்காகக் காத்துக் கிடக்கவும் வேண்டாம், அன்றே தந்து விடுப்பான்.

அவையஞ்சாமையைக் கற்க வேண்டியவன் பேசுபவன் மட்டுமே என்று நாம் கருதிவிட்டோம். அவையில் வீற்றிருப்போர் கற்க வேண்டியதை யார் எழுதினார்? பிள்ளை திக்கும்போது சொல்லை எடுத்துக் கொடுத்து முந்திக்கொள்ளும் பெற்றோர், தவறான விடைக்கு வகுப்பையே சிரிக்க விடும் ஆசிரியர், முதல் முறை மனுவோடு வந்த தொழிலாளியை 'என்னய்யா, வாயில் என்ன?' என்று அதட்டும் எழுத்தர் ஆகியோரும் அவையச்சத்தின் வரலாற்றில் இடம்பெறத் தக்கவர்களே. உப்பளத்தில் காலமெல்லாம் வெயிலில் நின்றவள், நிழலிட்ட அலுவலகத்தின் படியேறத்தான் அஞ்சுகிறாள். அது நோயன்று, அச்சுறுத்தலைக் கண்டு அஞ்சுவது. அதற்கு மருந்து அவளுக்குத் தரத்தக்கதன்று.

ஒன்றை இங்கே இடையிட்டுச் சொல்லலாம். வானொலி நிலையத்தில் நான் பேசும் அறையில் என்னைத் தவிர எவரும் இல்லை. எதிரே ஓர் ஒலிவாங்கி மட்டும் இருக்கிறது. பெரிய அவைதான், ஆனால் அதற்குக் கண்ணில்லை. மேடையில் நா எழாத சிலர் இங்கே தடையின்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். கண்ணுக்கு அஞ்சுவோர்க்குக் குரல் வழி ஒன்று திறந்திருப்பது நல்லது.

அவையச்சம் உடையார்க்கு மருத்துவமனையும் ஓர் அவையே என்பதுதான் பெரிய இடர். சீட்டு வாங்கும் வரிசை, பெயர் கூவி அழைக்கும் குரல், அறிமுகமில்லாத மருத்துவர் ஆகிய இவற்றுக்கு அஞ்சியே பல ஆண்டுகள் போகாது இருந்துவிடுகின்றனர். அத்தகையோர் முதலில் தொலைபேசியில் தொடங்கலாம். 2022 அக்டோபர் 10-ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு எண் 14416. கட்டணம் இல்லை, இரவும் பகலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். நேரில் செல்லத் துணிந்தால், மரக்காணத்தார்க்குப் புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையும், விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அணித்தே உள்ளன. முன்பே போய் வந்த ஒருவர் உடன் செல்லுவது மிக நன்று. எந்த வாயிலில் நுழைய வேண்டும், எங்கே சீட்டுத் தருவர், மருத்துவர் முதலில் என்ன கேட்பார் என்று வழியிலேயே அவர் சொல்லிவிடுவார். உள்ளே சென்றபின் பெரும்பாலும் நடப்பது பேச்சுதான்; முதல் நாள் அதிகம் பேச வரவில்லையென்றாலும், இரண்டாம் நாள் வரலாம் என்று குறித்துக் கொடுப்பார்கள்.